ரூயியின் சம்மதம்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த சத்தம் கேட்டால் அமுதவல்லி அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். நெடுஞ்சாலை ஓரத்தில் அவளுக்கு ஒரு டிபன் கடை. பக்கத்திலேயே கணவர் மாதவராஜின் பஞ்சர் கடை. நசுங்கிய கேபினுக்குள் கையை விட்டு டிரைவரின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவனிடம் ஊர், பிள்ளை குட்டி என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். "உனக்குப் பயமே இல்லயாக்கா?" என்று கேட்டால், "பயந்துட்டு நின்னா உள்ள கெடக்கறவன் என்ன ஆவான்?" என்பாள்.

அப்படிப்பட்டவள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது ஒரு எட்டு வயதுப் பெண் குழந்தைக்கு முன்னால். அதுவும் சீனாவில்.

அந்தக் குழந்தை அவளுடைய தம்பி மகள்.

தம்பி கலைவாணனை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அம்மா போனபோது இவளுக்குப் பத்து வயது, அவனுக்கு மூன்று. அப்பா லாரி கிளீனர்; வீட்டில் தங்கிய நாட்கள் குறைவு. பள்ளி முடித்ததும் கலைவாணன் ஒரு கிரானைட் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்தான். கருங்கல் பாறைகளில் சாக்பீஸால் கோடு போட்டு 'இது வேணும், இது வேண்டாம்' என்று பொறுக்குகிற சீன வியாபாரிகளோடு அலைந்து அலைந்தே அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டான். அவர்களே அவனைக் கூட்டிப்போனார்கள். சியாமென் நகரத்துக்குப் பக்கத்தில் ஷுய்தோவ் என்று ஓர் ஊர். ஊர் முழுக்கக் கல் அறுக்கிற பட்டறைகள். அங்கே சூசென் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஒரே ஒரு முறை மனைவியோடும் கைக்குழந்தையோடும் தொப்பூருக்கு வந்துவிட்டுப் போனான்.

கொரோனா சமயத்தில், அடுக்கி நிறுத்தியிருந்த கல் பலகைகள் சரிந்து கலைவாணன் இறந்துபோனான். விமானமே இல்லாத காலம். தம்பியின் உடலை அமுதவல்லி செல்போனில்தான் பார்த்தாள். சில வருடம் கழித்துச் சூசென்னும் புற்றுநோயில் போய்விட்டாள். குழந்தை ரூயி, தாய்வழித் தாத்தா லின்னிடம் மிஞ்சியது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி.

கலைவாணனோடு அங்கே வேலை பார்த்த ஆரோக்கியராஜ் தருமபுரிப் பக்கத்துக் கோவிலூர்க்காரன். அவன்தான் போன் செய்தான். "அக்கா, பெரியவரு கேக்கறாருங்க. புள்ளைய நீங்க வந்து தத்தெடுத்துக் கூட்டிட்டுப் போவீங்களான்னு."

வெளிநாட்டுக்காரர்களுக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதைச் சீனா நிறுத்திவிட்டிருந்தது. நெருங்கிய ரத்த சொந்தம் என்றால் மட்டும் வழி உண்டு. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா என்பதால் அமுதவல்லிக்கு அந்த வழி திறந்திருந்தது. மாதக்கணக்கில் கலெக்டர் ஆபீசுக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் அலைந்தார்கள். சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம ரத்தம்னாலும் வளந்தது அங்க. பாம்பு தேளு திங்கற ஊரு. நாளைக்கி உன் பொண்ணுக்கு மாப்பிள பாக்க வர்றவன் கேப்பான், இது யாருன்னு." பத்தாவது படிக்கிற மகள் ஐஸ்வர்யா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எல்லாரும் எல்லாத்தையும் பேசறீங்க. என்கிட்ட யாரும் கேக்கல." அமுதவல்லிக்குச் சுருக்கென்றது. "இப்பக் கேக்கறேன், சொல்லு" என்றாள். "இப்பக் கேட்டு என்ன பண்றது? கூட்டிட்டு வா" என்று ஐஸ்வர்யா எழுந்து போய்விட்டாள். ஆயுத பூஜை சமயத்தில் மூன்று பேரும் கோலாலம்பூர் வழியாகக் கிளம்பினார்கள்.

லின் பெரியவரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மெலிந்து, மூங்கில் மாதிரி இருந்தார். விரல் அளவு கோப்பையில் டீ ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட டிராக்சூட்டோடு ரூயி உள் அறையிலிருந்து வந்தாள். வட்ட முகம், சின்னக் கண். ஆனால் புருவம் இரண்டும் அச்சு அசல் கலைவாணன். அமுதவல்லி அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையோ குதித்துக்கொண்டு போய் ஒரு ரோஸ் கலர் பெட்டியை இழுத்து வந்து எல்லோருக்கும் காட்டியது. மூட்டை முடிச்செல்லாம் தயார். மொழிபெயர்க்கக் கூட வந்திருந்த ஆரோக்கியராஜிடம் சளசளவென்று என்னவோ கேட்டது. அவன் பதில் சொல்லாமல் பெரியவரைப் பார்த்தான்.

"என்ன கேக்குது ஆரோக்கியம்?"

"ஊர்ல யானை பாக்கலாமான்னு கேக்குதுங்க."

"அப்பறமும் என்னமோ கேட்டுச்சே."

அவன் இழுத்தான். "அப்பறம்... திரும்பி வர்றப்ப தாத்தாவுக்கு என்ன வாங்கிட்டு வரலாம்னு கேக்குதுக்கா."

அமுதவல்லி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். குழந்தைக்கு யாரும் சொல்லவே இல்லை. சுற்றுலா போய்வருவதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஐஸ்வர்யா ரூயியைப் பால்கனிக்குக் கூட்டிப்போனதும் பெரியவரிடம் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. "எட்டு வயது ஆகிவிட்டால் குழந்தையிடமும் சம்மதம் கேட்பார்கள். அது இங்கே சட்டம். 'அத்தையோடு போகிறாயா?' என்பார் அதிகாரி. 'போகிறேன்' என்று துள்ளுவாள். அது போதும். உண்மையைச் சொன்னால் வரமாட்டாள். எனக்கு நாள் இல்லை. என் மகன் வீட்டில் எனக்கே இடம் நெருக்கடிதான்."

ஓட்டலுக்குத் திரும்பியதும் மாதவராஜும் அதையேதான் சொன்னார். "அவரு சொல்றதுல என்ன தப்பு அமுதா? முதல்ல புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். வூட்டுல நாலு நாள் இருந்து பழகுனதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"ஏங்க, அது தாத்தாவுக்கு வாங்கிட்டு வர்ற சாமானத் தேடிட்டு இருக்குதுங்க."

"சின்னப் புள்ள. மறந்துரும்."

"நான் மறக்கலயே." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்கம்மா செத்தப்ப, சேலம் ஆஸ்பத்திரியில இருக்கா, நாளைக்கி வந்துருவான்னு சொன்னாங்க. தம்பிய இடுப்புல வெச்சுட்டு சேலத்து பஸ்ஸு ஒண்ணு விடாமப் பாத்துட்டு நின்னேன். கடைசியில பூ விக்கறவ ஒருத்தி பாவம்னு சொன்னா. அம்மா செத்ததக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இத்தன பேரும் என்னைப் பாத்து சிரிச்சுட்டே பொய் சொன்னாங்கன்னுதான் பொறுக்கல. நான் இதுகிட்ட சொல்லித்தான் ஆவேன்."

"சொல்லி, வர மாட்டேன்னுட்டா?"

அவள் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை பெரியவரிடம் அனுமதி கேட்டபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ சொல். என்னால் முடியாது."

ஆரோக்கியராஜ் பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகச் சொல்ல, அமுதவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தாவுக்கு உடம்பு தேறாது. இந்த வீட்டில் இனி இருக்க முடியாது. அத்தை வீட்டிலேயே இருந்து அங்கேயே படிக்க வேண்டும். ரூயி கண் கொட்டாமல் கேட்டாள். அழவில்லை. எழுந்து போய் ரோஸ் பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் பழையபடி அடுக்கினாள். வெறும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு, கொட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கினாள்.

திரும்பி வரவில்லை.

குப்பைத் தொட்டி அருகே பை மட்டும் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் இல்லை. பக்கத்துக் கடைகளில் இல்லை. ஆரோக்கியராஜ் போலீசுக்குப் போன் போட்டான். பெரியவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். திடீரென்று நிமிர்ந்து அவர் ஒரு வார்த்தை சொன்னார். ஆரோக்கியராஜின் முகம் வெளுத்தது.

"கல் பட்டறைங்க அக்கா. நம்ம கலை... அவன் செத்த எடம்."

அமுதவல்லி ஓடினாள். வழி தெரியாது; முன்னால் ஓடிய ஆரோக்கியராஜின் நீலச் சட்டைதான் வழி. தெருவின் இரண்டு பக்கமும் கல் அறுக்கும் இரைச்சல், வெள்ளைச் சேறு. பட்டறைக்குள் ஆள் உயரத்துக்கு மேல் கல் பலகைகள் இரும்புச் சட்டங்களில் சாய்ந்து வரிசை வரிசையாக நின்றன. மேலே கிரேன் ஒரு பலகையைத் தொங்கவிட்டபடி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வரிசைகளுக்கு நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய சந்தில், டிராக்சூட் தெரிந்தது. ரூயி முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள்.

"வெளிய வா கண்ணு!" என்று கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். சத்தம் கேட்டு மிரண்டு எழுந்தால் எதையாவது பிடித்து இழுத்துவிடும். ஆரோக்கியராஜ் கைகளை ஆட்டிக்கொண்டு கிரேன்காரனிடம் ஓடினான். தொங்கிய கல் நிற்கவில்லை. அதன் நிழல் சந்துக்குள் நுழைந்தது. வேலையாள் ஒருவன் அமுதவல்லியின் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். முதுகிலும் வயிற்றிலும் கல்லின் குளிர்ச்சி உரசியது. ஒரு பலகை 'டக்' என்று அசைந்தது. தம்பி கடைசியாகக் கேட்ட சத்தம் இதுதானோ என்று தோன்றியது.

குழந்தையின் பக்கத்துக்குப் போனதும் இழுக்கவில்லை. மெதுவாகக் குந்தினாள். தன் தலையையும் முதுகையும் குழந்தைக்கு மேலே கவிழ்த்து வைத்துக்கொண்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியே இருந்தார்கள். கிரேன் சத்தம் அடங்கியது. அப்புறம்தான் ரூயி 'ஓ'வென்று அழுதாள், அமுதவல்லியும் அழுதாள். அழுது முடித்து, ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார்கள். பின்னாலேயே ஓடி வந்திருந்த மாதவராஜ் மனைவியைத் திட்ட வாயெடுத்து, திட்ட முடியாமல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குறித்த நாளில் தத்துப் பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடி போட்ட பெண் அதிகாரி, மற்றவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு ரூயியிடம் குனிந்து கேட்டார். "இந்த அத்தையின் மகளாகப் போகச் சம்மதமா?"

"பூ" என்றாள் ரூயி. அது 'இல்லை' என்பது மாதவராஜுக்குக்கூடப் புரிந்தது.

பெரியவர் குழந்தையைப் பார்த்து உரக்கக் கத்தினார். அமுதவல்லி எழுந்து குறுக்கே நின்றாள். "திட்ட வேணாம்னு சொல்லு ஆரோக்கியம். கேட்டாங்க, அது சொல்லிருச்சு. அவ்வளவுதான்."

அதிகாரி ஃபைலை மூடினார். விசா முடிவதற்குள் குழந்தை மனம் மாறினால் வரலாம் என்றார்.

அதற்குப் பிறகான நாட்கள்தான் அமுதவல்லிக்குக் கொடுமை. தினம் காலையில் பெரியவர் வீட்டுக்குப் போவாள். கஞ்சி காய்ச்சுவாள், பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். ரூயியிடம் ஒன்றும் கேட்பதில்லை. ரூயியும் இவளைப் பார்ப்பதில்லை. ஐஸ்வர்யா மட்டும் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டு அதோடு சீட்டு விளையாடினாள். அந்த ஆப் ஏதாவது கோணல்மாணலாகச் சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் சிரிக்கும். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மாதவராஜ் பொறுமையிழந்துகொண்டிருந்தார். "இப்பிடியே உக்காந்திருந்தா ஆச்சா? வெறுங்கையோட போய் ஊர்ல என்ன சொல்றது?"

"ஊருக்காக வந்தமா?" என்றாள் அவள். ஆனால் விசா முடியும் தேதியை அவளும் விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

கிளம்பும் நாள் நெருங்கியபோது ஆரோக்கியராஜிடம் சொன்னாள். "எந் தம்பிய வெச்சிருக்கற எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

அதைக் கேட்டதும் ரூயி எழுந்து கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு குன்று. ஏறஏறப் படிகள். ரூயியின் அப்பா, அம்மா இருவரின் சாம்பலும் ஒரே கல்லறையில். கறுப்புக் கல்லில் சீன எழுத்து. கீழே கோணலாகத் தமிழில் 'கலைவாணன்'. யாரோ தெரியாதவன் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. 'ணன்' சரியாக வரவில்லை. அமுதவல்லி அந்த எழுத்தின் மேல் கையை வைத்தவள் அப்படியே சரிந்தாள். செல்போனில் பார்த்தபோது வராத அழுகை அத்தனையும் வந்தது.

ரூயி ஒன்றும் சொல்லாமல் பெருக்கினாள். இலைச்சருகைத் தள்ளி, கல் இடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்கி, ஈரத்துணியால் எழுத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள். ஆரோக்கியராஜ் மெல்லச் சொன்னான்.

"ஏப்ரல்ல இங்க கல்லறை பெருக்கற நாள் வரும்க்கா. குடும்பத்து ஆளுங்க வரணும். 'நான் போய்ட்டா யார் பெருக்குவா? தாத்தாவால மலை ஏற முடியாது. மாமாவுக்கு ஞாபகம் இருக்காது'ங்குது."

இதுதானா! இத்தனை நாள் குழந்தை மனசுக்குள் வைத்துப் புழுங்கியது இதுதானா! 'நான் கூட்டிட்டு வர்றேன்' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கணவரைப் பார்த்தாள். "ஏங்க, வருசா வருசம் நம்மளால வர முடியுமா? நெசமாச் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரலாம்."

மாதவராஜ் அந்தக் கோணல் எழுத்தை விரலால் தடவினார். "நாலு நாளு கடைய மூடுனா மூடுனதுதான். ரெண்டு பேரும் வர முடியாட்டியும் நீ கூட்டிட்டு வா. சொல்லிட்டு வராம இருக்கறதுதான் கூடாது."

ஆரோக்கியராஜ் அதைச் சொன்னபோது ரூயியின் முகம் இளகவில்லை. கோபமாக என்னவோ சொன்னாள்.

"'சாயங்காலம் வந்துர்றேன்'னு அப்பா சொன்னாராம். 'சரியாயிரும்'னு அம்மா சொன்னாங்களாம். 'ஒரு மாசத்துல வந்துரலாம்'னு தாத்தா சொன்னாராம். 'பெரியவங்க எல்லாரும் சொல்லத்தான் சொல்றீங்க'ங்குது அக்கா."

அமுதவல்லி படியில் அதற்கு நேராக உட்கார்ந்தாள். "அப்ப நீ என்னை நம்பாத. நம்ப வேணாம். ஏப்ரல்ல உன்னை இங்க கொண்டாந்து நிறுத்தறேன். அன்னிக்கி நீ, 'நான் தொப்பூருக்கு வர மாட்டேன்'னு சொன்னீன்னா நான் இழுத்துட்டுப் போக மாட்டேன். உன்ற மாமாகிட்டயோ யாருகிட்டயோ கால்ல விழுந்தாவது இங்கயே ஏற்பாடு பண்ணிட்டுப் போறேன்."

"அமுதா!" என்றார் மாதவராஜ், பதறிப்போய்.

"சொல்லு ஆரோக்கியம். ஒரு வார்த்த விடாமச் சொல்லு."

மறுநாள் மீண்டும் அதே அலுவலகம். அதே அதிகாரி, அதே கேள்வி. ரூயி தரையைப் பார்த்தபடி நின்றாள். "ஏப்ரல் வரைக்கும் போகிறேன்" என்றாள் கடைசியில்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "தத்து என்பது ஏப்ரல் வரைக்கும் இல்லை, மகளே."

ரூயி திரும்பி அவளைப் பார்த்தாள். உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"போகிறேன்" என்றாள்.

தொப்பூரில் எதுவும் உடனே நேராகிவிடவில்லை. ரூயிக்கு இட்லி இறங்கவில்லை. சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டு அதையே மூன்று வேளையும் தின்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்தபோது, ஐஸ்வர்யா அந்த வகுப்புக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டுத் தானும் திட்டு வாங்கி வந்தாள். ஒரு மத்தியானம் கணவாயில் டிரெய்லர் ஒன்று கவிழ்ந்தது. இடி மாதிரி சத்தம். பாறை சரிகிற சத்தம். அமுதவல்லி வழக்கம்போல் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், மேஜைக்கு அடியில் ரூயி காதைப் பொத்திக்கொண்டு சுருண்டிருந்தாள். அன்றைக்கு மாதவராஜ்தான் ஓடினார். அமுதவல்லி மேஜைக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்துகொண்டாள்.

மாதங்கள் ஓடின. தமிழ் வந்தது, அதுவும் லாரி டிரைவர்களின் தமிழ். "பார்சலா, சாப்பிடறீங்களா?" என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைத்தாள். ஆனால் அமுதவல்லிக்குள் ஒரு பயம் ஏப்ரலை நோக்கி வளர்ந்துகொண்டே இருந்தது. விசா தாமதமானபோது, வராமலே போய்விடட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டு அன்றைக்கே பெங்களூருக்கு பஸ் ஏறி விசாரித்துவிட்டு வந்தாள். விசா வந்தது. இந்த முறை அத்தையும் மருமகளும் மட்டும்.

பெரியவர் இப்போது தன் மகன் வீட்டில் இருந்தார். இரண்டு ஆள் தாங்கிப் பிடிக்க, மலையடிவாரம் வரை வந்தார். கல்லறையைப் பெருக்கினார்கள், பூ வைத்தார்கள். ரூயி தாத்தாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். பேசினாள், சிரித்தாள். தான் ஒரு வார்த்தை சொன்னாலும் தப்பாகிவிடும் என்று அமுதவல்லி வாயையே திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடுமோ, இன்றைக்குச் சொல்லிவிடுமோ என்றே கழிந்தது. கிளம்பும் நாள் காலையில் ரூயியின் மாமா வந்து, வேண்டுமானால் குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்று ஆரோக்கியராஜ் மூலமாகச் சொன்னார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் சொன்னது சொன்னதுதான்" என்றாள் அமுதவல்லி. "ரூயியக் கேளுங்க."

கேட்டார்கள். ரூயி பதிலே சொல்லவில்லை. தாத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு காரில் ஏறினாள். ஏர்போர்ட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே போகிற வாசல் வந்ததும் அமுதவல்லி நின்றுவிட்டாள். எங்கே 'பூ' என்று சொல்லிவிடுமோ என்று, ஆரோக்கியராஜிடம் விடைபெறுகிற சாக்கில் பையைக் கீழே வைத்து, எடுத்து, மறுபடி கீழே வைத்து நேரத்தைக் கடத்தினாள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ரூயி இல்லை.

வரிசையில் ஆறேழு பேருக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடையில் டிரைவர்களை அதட்டுகிற அதே குரலில் கத்தினாள்.

"அத்தே! லேட்டாவுது, வா!"